ஹார்மோன் சிகிச்சையும் மதுவும்: திருநங்கைகளும் திருநம்பிகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹார்மோன் தொடங்கும் நாளில் டாக்டரிடம் கேட்கத் தயங்கி, வெளியே வந்ததும் ஜமாத்தில் (திருநங்கைகளின் சமூகக் குழுவில்) மூத்தவர்களிடம் கேட்கப்படும் கேள்விகள் இவை. குடிப்பவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது இந்தப் பக்கத்தின் வேலை அல்ல. எந்த மருந்தோடு எவ்வளவு மது என்ன செய்யும், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்வதுதான் நோக்கம்.

ஹார்மோன் எடுத்துக்கொண்டே குடிக்கலாமா, கூடவே கூடாதா?

பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரடையாலோ (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை) ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனோ எடுப்பவர் ஒரு சொட்டுகூடத் தொடக்கூடாது என்று தடை இல்லை. கல்லீரல் நன்றாக இருந்து, ரத்தக் கொழுப்பு கட்டுக்குள் இருந்து, குடியும் உண்மையிலேயே குறைவு என்றால் பெரும்பாலானவர்களுக்கு டாக்டர்கள் முழுத்தடை போடுவதில்லை. ஆனால் "குறைவு" என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. அதை அடுத்த கேள்வியில் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

முழுமையாகத் தவிர்க்க வேண்டியவர்கள்: மஞ்சள் காமாலை, ஹெபடைடிஸ் பி அல்லது சி, கல்லீரல் கொழுப்பு வீக்கம் உள்ளவர்கள், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 500-க்கு மேல் போனவர்கள், கணைய அழற்சி ஒருமுறையாவது வந்தவர்கள், காசநோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள், குடியை ஏற்கெனவே விட்டு மீண்டவர்கள். இதுவரை குடிக்காதவர் இனிமேல் தொடங்க எந்த மருத்துவக் காரணமும் கிடையாது. எந்த அளவு மதுவையும் முழுப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்துவிட்டது.

'மிதமான அளவு' என்றால் எவ்வளவு? குவார்ட்டர் மிதமா?

இல்லை. தமிழ்நாட்டில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாம் வழக்கமாக 42.8 சதவீத ஆல்கஹால் கொண்டவை. அதில் 30 மி.லி. ஸ்மாலில் 10 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 60 மி.லி. லார்ஜில் 20 கிராம். ஒரு கட்டிங், அதாவது 90 மி.லி., 30 கிராம். 180 மி.லி. குவார்ட்டர் முழுதாக உள்ளே போனால் 60 கிராம் தாண்டிவிடும்.

பீரை லேசாக நினைப்பவர்கள் அதிகம். 650 மி.லி. பாட்டில் 5 சதவீத பீரில் சுமார் 26 கிராம். அதே பாட்டில் 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 41 கிராம், அதாவது நான்கு ஸ்மால். "நான் பீர் மட்டும்தான்" என்று டாக்டரிடம் சொல்பவர் லேபிளில் உள்ள சதவீதத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் 2016 முதல் ஆண் பெண் இருவருக்கும் ஒரே வரம்பைத்தான் சொல்கிறது: வாரத்துக்கு 14 யூனிட், அதுவும் குறைந்தது மூன்று நாட்களில் பிரித்து. ஒரு யூனிட் 8 கிராம். ஆக வாரம் முழுவதற்கும் 112 கிராம். நம் கணக்கில் இரண்டு குவார்ட்டர்கூட வரவில்லை. அமெரிக்காவின் 2020-25 உணவு வழிகாட்டுதல் பெண்களுக்குச் சொன்ன உச்சவரம்பு நாளுக்கு 14 கிராம், அதாவது சுமார் 40 மி.லி. பிராந்தி. திருநங்கையானாலும் திருநம்பியானாலும் இந்தக் குறைந்த வரம்பையே வைத்துக்கொள்வது நல்லது. காரணம் அடுத்து.

முன்பு ஒரு குவார்ட்டர் அடித்தாலும் நிதானமாக இருந்தேன். ஈஸ்ட்ரோஜன் தொடங்கிய பிறகு பாதியிலேயே தலை சுற்றுகிறது. ஏன்?

ஆல்கஹால் உடலில் உள்ள தண்ணீரில்தான் கலக்கும். கொழுப்பில் அதிகம் போகாது. ஈஸ்ட்ரோஜனும் ஆண் ஹார்மோன் தடுப்பு மாத்திரையும் சேரும்போது தசை குறைந்து கொழுப்பு கூடுகிறது. தசையில்தான் தண்ணீர் அதிகம். எனவே எடை மாறாவிட்டாலும் அதே அளவு மது ரத்தத்தில் அடர்த்தியாக ஏறும். ஆண் ஹார்மோனைத் தடுக்க ஸ்பைரனோலாக்டோன் எடுப்பவருக்கு ரத்த அழுத்தமும் தாழ்ந்திருக்கும். அதனால் எழும்போது கண் இருட்டும்.

கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் எரிக்கும். ஒரு குவார்ட்டர் தீர 6 முதல் 9 மணி நேரம் ஆகும். மோரோ காபியோ குளியலோ இதை வேகப்படுத்தாது. பழைய அளவை மறந்துவிட்டு, இப்போதைய உடலுக்குப் புதிதாக அளவு வைத்துக்கொள்ள வேண்டும்.

குடித்தால் ஈஸ்ட்ரோஜன் அளவு கூடுமாமே? அப்படியென்றால் மார்பு சீக்கிரம் வளருமா?

முதல் பாதி உண்மை. 1996-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரடையால் மாத்திரை எடுத்த பெண்களுக்கு எடையில் கிலோவுக்கு 0.7 கிராம் ஆல்கஹால் கொடுத்தார்கள். 60 கிலோ எடை உள்ளவருக்கு அது 42 கிராம், ஏறக்குறைய நான்கு ஸ்மால். ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் ஈஸ்ட்ரடையால் சுமார் மூன்று மடங்கு ஏறியது. ஹார்மோன் எடுக்காத பெண்களுக்கு அப்படி ஏறவில்லை. ஆல்கஹாலை எரிப்பதில் கல்லீரல் மும்முரமாகும்போது ஈஸ்ட்ரடையாலை வலுக்குறைந்த ஈஸ்ட்ரோனாக மாற்றும் வேலை தேங்கிவிடுவதே காரணம் என்று கருதப்படுகிறது.

இரண்டாம் பாதி தவறு. இந்த ஏற்றம் சில மணி நேரத்துக்கு மட்டும். மார்பு வளர்ச்சி இரண்டு மூன்று வருடம் சீரான அளவில் நடப்பது. ஒரு ராத்திரி ஏறி இறங்குவதால் அதற்கு லாபம் எதுவும் இல்லை. தலைவலி, குமட்டல், மார்பில் வலி, மறுநாள் மனச்சோர்வு ஆகியவைதான் மிஞ்சும். இதை நம்பி வேண்டுமென்றே மாத்திரையையும் மதுவையும் சேர்த்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

மாத்திரை, ஜெல், ஊசி: குடிப்பவருக்கு எது பாதுகாப்பு?

வாய்வழி மாத்திரை குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தம் உறைய வைக்கும் புரதங்களையும் டிரைகிளிசரைடையும் கூட்டுகிறது. மதுவும் டிரைகிளிசரைடைக் கூட்டும். இரண்டும் ஒரே உறுப்பில் ஒரே திசையில் வேலை செய்கின்றன. தோலில் தடவும் ஜெல்லும் ஒட்டும் பேட்சும் கல்லீரலை முதலில் தொடாமல் ரத்தத்துக்குப் போகின்றன. ரத்தக்கட்டி அபாயமும் கொழுப்பு ஏற்றமும் அதில் குறைவு. வாரத்தில் ஓரிரு நாளாவது குடிப்பவர், புகைப்பவர், 40 வயதைத் தாண்டியவர் எல்லாரும் ஜெல்லுக்கு மாற முடியுமா என்று டாக்டரிடம் கேட்பது பயனுள்ளது. விலை கூடுதல்தான், இருந்தாலும் கேட்டுப் பாருங்கள்.

ஊசியிலும் கல்லீரலின் முதல் சுற்று இல்லை. ஆனால் போட்ட முதல் சில நாட்கள் ஹார்மோன் உச்சத்தில் இருக்கும். குடிப்பதாக இருந்தால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஊசி போடும் கை நடுங்கக்கூடாது. குடித்த நிலையில் தனக்குத்தானே ஊசி போட்டு நரம்பில் குத்திக்கொண்டால் சரிசெய்வது கடினம்.

ஜெல்லிலேயே ஆல்கஹால் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அது தோலில் பூசிய சில நிமிடங்களில் ஆவியாகிவிடும். போதைக்கும் கல்லீரலுக்கும் சம்பந்தமில்லை. உலரும் வரை அடுப்புக்கோ தீக்குச்சிக்கோ அருகில் போகாதீர்கள், அது தீப்பிடிக்கும்.

மெடிக்கலில் மாலா-டி கருத்தடை மாத்திரை வாங்கி நாளுக்கு மூன்று நான்கு போடுகிறேன். அதோடு குடிக்கலாமா?

இந்தப் பக்கத்தில் நாங்கள் கண்டிப்பாகப் பேசும் இடம் இதுதான். மாலா-டியில் இருப்பது ஈஸ்ட்ரடையால் அல்ல, எதினைல் ஈஸ்ட்ரடையால். ஒரு மாத்திரையில் 30 மைக்ரோகிராம். கல்லீரல் இதை எளிதில் உடைக்க முடியாது. திரும்பத் திரும்பக் கல்லீரலைச் சுற்றி வந்து ரத்தத்தை உறைய வைக்கும். அந்தக் காலத்தில் ஆம்ஸ்டர்டாமில் திருநங்கைகளுக்கு நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் கொடுத்தார்கள். 1997-இல் வந்த அவர்களுடைய ஆய்வு, ரத்தக்கட்டி எதிர்பார்த்ததைவிட 20 மடங்கு வந்ததாகச் சொன்னது. மூன்று நான்கு மாலா-டி என்பது ஏறக்குறைய அதே 100 மைக்ரோகிராம்தான்.

அதோடு சிகரெட், இரவு முழுவதும் குடி, உடலில் தண்ணீர் வற்றல், காலை அசைக்காமல் போதையில் நீண்ட தூக்கம் எல்லாம் சேர்ந்தால் காலில் கட்டி உருவாக ஏற்ற சூழல். ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்காலில் வலி, திடீர் மூச்சுத்திணறல், மூச்சு இழுக்கும்போது நெஞ்சுவலி: இதில் எது வந்தாலும் போதை தெளியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். "ஹார்மோன் மாத்திரை போடுகிறேன்" என்பதை ஆம்புலன்சிலேயே சொல்லிவிடுங்கள்.

மாலா-டியை விட்டு ஈஸ்ட்ரடையால் வேலரேட்டுக்கு மாறுவது, குடியைக் குறைப்பதைவிட அவசரமான வேலை. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலும் திருநருக்கென்று தனி கிளினிக் நடக்கிறது.

ஸ்பைரனோலாக்டோன் எடுக்கிறேன். மறுநாள் ஹேங்ஓவருக்கு இளநீர் குடிப்பது வழக்கம். சரியா?

ஸ்பைரனோலாக்டோன் சிறுநீரைக் கூட்டும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும். மதுவும் சிறுநீரைக் கூட்டும். இரவு இரண்டும் சேர்ந்து தண்ணீரை வெளியேற்றிவிடுவதால் காலையில் ரத்த அழுத்தம் தாழ்ந்து, குளியலறைக்கு எழுந்து போகும்போது விழுவது அதிகம். படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, ஒரு நிமிடம் பொறுத்துப் பிறகு நில்லுங்கள்.

இளநீர் ஒரு பெரிய டம்ளரில், அதாவது 240 மி.லி.யில், சுமார் 600 மி.கி. பொட்டாசியம் இருக்கிறது, ஒரு வாழைப்பழத்தைவிட அதிகம். சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு என்றாவது ஒரு இளநீரால் ஆபத்தில்லை. நாளுக்கு 100 மி.கி.க்கு மேல் ஸ்பைரனோலாக்டோன் எடுத்துக்கொண்டு, வாந்தியும் எடுத்து, இரண்டு மூன்று இளநீர் குடிப்பதுதான் தவறு. உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ், நீர்மோர், கஞ்சித் தண்ணீர் பாதுகாப்பானவை.

தலைவலிக்கு டைக்ளோபினாக், ஐபுபுரோபன் போடாதீர்கள். வற்றிய உடலில் அவை சிறுநீரகத்தைத் தாக்கும், ஸ்பைரனோலாக்டோனோடு சேர்ந்து பொட்டாசியத்தை மேலும் ஏற்றும். பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்று போதும். அடிக்கடி குடிப்பவர் நாள் முழுவதற்கும் 2 கிராமைத் தாண்டக்கூடாது. கை கால் தளர்ச்சி, மரமரப்பு, நெஞ்சு படபடப்பு இருந்தால் பொட்டாசியம் பார்க்க அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

சைப்ரோடெரோன், பைகாலுடமைடு எடுப்பவர்கள்?

ஆண் ஹார்மோன் தடுப்பு மாத்திரைகளான இவை இரண்டும் கல்லீரலைக் காயப்படுத்தக்கூடியவை. சைப்ரோடெரோன் கடையில் 50 மி.கி. மாத்திரையாகக் கிடைக்கிறது; ஆனால் ஆண் ஹார்மோனைத் தடுக்க நாளுக்கு 10 முதல் 12.5 மி.கி. போதும், அதாவது கால் மாத்திரை. முழு மாத்திரை போடுபவர்கள் காரணமின்றி நான்கு மடங்கு எடுக்கிறார்கள். அளவு கூடக் கூடக் கல்லீரல் பாதிப்பும், மூளை உறையில் மெனிஞ்சியோமா என்ற கட்டி வரும் வாய்ப்பும் கூடும். சைப்ரோடெரோன் சிலருக்கு மனத்தைத் தாழ்த்தும். குடித்த மறுநாள் மனமும் தாழ்ந்துதான் இருக்கும். இரண்டு மூன்று வாரமாகவே சோர்வும் அழுகையும் இருந்தால், முதலில் குடியை நிறுத்திப் பாருங்கள், டாக்டரிடம் மருந்தைப் பற்றியும் சொல்லுங்கள்.

பைகாலுடமைடு அரிதாக, ஆனால் கடுமையாகக் கல்லீரலைத் தாக்கியிருக்கிறது. அதை எடுப்பவர் குடிக்காமல் இருப்பதே சரி என்பது எங்கள் கருத்து. சிறுநீர் கடும் மஞ்சளாவது, கண் மஞ்சளாவது, உடல் அரிப்பு, வலது விலாவுக்குக் கீழே வலி: மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள்.

புரோஜெஸ்டிரோன் மாத்திரை இரவில் போடுகிறேன். குடித்த இரவில்?

அன்று வேண்டாம். இயற்கைப் புரோஜெஸ்டிரோனை (100 அல்லது 200 மி.கி.) விழுங்கியதும் அது அலோபிரெக்னனோலோன் என்ற பொருளாக மாறுகிறது. மது மூளையில் எந்தக் கதவைத் தட்டுகிறதோ அதே கதவைத்தான் இதுவும் தட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் ஆழ்ந்த மயக்கம், எழுந்தால் தள்ளாட்டம், வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் போகும் ஆபத்து. கர்ப்பப்பை இல்லாத உடலில் ஒரு வேளை விட்டுப்போவதால் நஷ்டம் எதுவும் இல்லை. மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் எடுக்கும், கர்ப்பப்பை உள்ள பெண்களின் நிலை வேறு: அவர்களுக்குக் கர்ப்பப்பை உள்சுவரைக் காக்கவே புரோஜெஸ்டிரோன் தருகிறார்கள். அவர்கள் விட வேண்டியது மதுவை.

குடிக்கும் நாளில் ஹார்மோன் மாத்திரையை விட்டுவிட்டால் பாதுகாப்புதானே?

இல்லை, மேலே சொன்ன புரோஜெஸ்டிரோனைத் தவிர. வார இறுதியில் குடி, அதனால் சனி ஞாயிறு மாத்திரை கிடையாது என்று வழக்கமாகிவிட்டால் ஹார்மோன் அளவு நிலையாகவே இருக்காது. ஈஸ்ட்ரடையால் மாத்திரையைக் காலையில் சாப்பாட்டோடு போடும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் ஒரு ஸ்மால் எடுத்தாலும் இடைவெளி இருக்கும். மறந்துபோன மாத்திரைக்கு மறுநாள் இரட்டை வேண்டாம். குடித்து வாந்தி எடுத்தாலும் அப்படியே: அந்த வேளையை விட்டுவிட்டு அடுத்த வேளையை வழக்கம்போல் போடுங்கள்.

நிர்வாணம் (விதைகளையும் ஆணுறுப்பையும் நீக்கும் அறுவை) முடிந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். விதைகளை எடுத்தபின் உடலில் சொந்தமாக உருவாகும் பால் ஹார்மோன் மிகக் குறைவு. வெளியிலிருந்து எடுக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் எலும்பைக் காப்பாற்றுகிறது. ஆபரேஷன் முடிந்ததே என்று ஹார்மோனை நிறுத்திவிட்டுத் தொடர்ந்து குடிப்பவருக்கு எலும்பு இரண்டு காரணங்களாலும் தேய்கிறது. நாற்பதுகளிலேயே இடுப்பு எலும்பு உடையும் அளவுக்குப் போகலாம்.

மார்பகப் புற்றுநோய் பயம் உண்டா?

உண்டு, அளவாக. நெதர்லாந்தில் 2019-இல் வெளியான பெரிய ஆய்வின்படி, ஹார்மோன் எடுக்கும் திருநங்கைகளுக்கு மார்பகப் புற்றுநோய் ஆண்களைவிட மிக அதிகம், பெண்களைவிடக் குறைவு. பெண்களைப் பொறுத்தவரை தினமும் 10 கிராம் ஆல்கஹால், அதாவது ஒரே ஒரு ஸ்மால், அந்த அபாயத்தை ஏறக்குறைய 7 முதல் 10 சதவீதம் கூட்டுகிறது. மாதம் ஓரிரு முறை குடிப்பவருக்கு இது சிறிய கணக்கு; தினமும் குடிப்பவருக்குச் சிறியதல்ல. அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

திருநம்பிகளுக்கு என்ன கவனம்?

டெஸ்டோஸ்டிரோன் ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும். ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீதத்தைத் தாண்டினால் அளவைக் குறைக்க அல்லது நிறுத்த வேண்டிவரும். குடித்து உடல் வற்றினால் ரத்தம் மேலும் கெட்டியாகும். பரிசோதனையிலும் எண் ஏறித் தெரியும். குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நிற்பதும் டெஸ்டோஸ்டிரோனால் கூடலாம், மது அதை மோசமாக்கும். ஜிம்மில் யாரோ தரும் மெதில்டெஸ்டோஸ்டிரோன் மாத்திரை கல்லீரலுக்கு நஞ்சு. அதோடு மது சேரவே கூடாது. ஊசியும் ஜெல்லும் அந்த வகையில் பாதுகாப்பு.

தசை கூடியதால் ஆண் நண்பர்களுக்குச் சமமாகக் குடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். வாரம் 112 கிராம் என்ற பிரிட்டன் வரம்பு ஆண் பெண் எல்லாருக்கும் ஒன்றுதான்.

எந்தெந்தப் பரிசோதனை, எப்போது?

முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை. ஈஸ்ட்ரடையால், டெஸ்டோஸ்டிரோன் அளவுப் பரிசோதனைகளோடு, குடிப்பவர் சேர்க்க வேண்டியவை: கல்லீரலுக்கு எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., ஜி.ஜி.டி.; வெறும் வயிற்றில் டிரைகிளிசரைடு; ஸ்பைரனோலாக்டோன் எடுத்தால் பொட்டாசியமும் கிரியேட்டினினும். எஸ்.ஜி.ஓ.டி. எண் எஸ்.ஜி.பி.டி.யைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் காரணம் பெரும்பாலும் மது, ஹார்மோன் அல்ல. இது தெரியாமல் ஹார்மோனை நிறுத்தச் சொல்லிவிடும் இடங்கள் உண்டு. அதனால்தான் குடிக்கும் அளவை மறைக்காதீர்கள் என்கிறோம். "சோஷியலா எடுப்பேன்" என்பது டாக்டருக்கு எதையும் சொல்வதில்லை. "வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு கட்டிங்" என்று சொல்லுங்கள்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முன் மூன்று நாள் குடிக்காதீர்கள். இல்லாவிட்டால் டிரைகிளிசரைடு ஏறித் தெரியும், ஈஸ்ட்ரடையால் எண்ணும் நம்பும்படி இருக்காது. குடித்தபின் மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி வந்து முதுகுக்குப் பாய்ந்து வாந்தியும் இருந்தால் அது கணைய அழற்சியாக இருக்கலாம். அசிடிட்டி மாத்திரை போட்டுக் காத்திருக்க வேண்டாம்.

கள், சாராயம்?

அளவு தெரியாத எதையும் மிதமாகக் குடிக்க முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மெத்தனாலுக்கு ஹார்மோன் எடுப்பவர், எடுக்காதவர் என்ற வேறுபாடு இல்லை.

ஆபரேஷனுக்கு எவ்வளவு நாள் முன்பு நிறுத்த வேண்டும்? தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தலாமா?

நான்கு வாரம் முன்பே நிறுத்துவது நல்லது. காயம் ஆறுவது, ரத்தப்போக்கு, மயக்க மருந்தின் அளவு எல்லாவற்றையும் மது பாதிக்கிறது.

ஆனால் தினமும் குவார்ட்டர், ஆஃப் என்று குடிப்பவர், காலையில் கை நடுக்கத்துக்காகவே ஒரு ஸ்மால் எடுப்பவர், வீட்டில் தானாக ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது, கடும் வியர்வை என்று உயிருக்கே ஆபத்தாகலாம். இதை மறைத்து அறுவைக்குப் படுத்தவர்களுக்கு வார்டிலேயே இது நடக்கலாம், வலிப்பில் தையல் பிரியலாம். மயக்க மருந்து டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மாத்திரையும் தையமின் ஊசியும் கொடுத்துச் சில நாட்களில் பாதுகாப்பாக நிறுத்தவைப்பார்கள். அந்த நாட்களில் ஹார்மோனைத் தொடரலாமா என்பதைக் கல்லீரல் பரிசோதனையைப் பார்த்து முடிவு செய்வார்கள். தொலைபேசியில் பேச 14416 (டெலி மனாஸ், 24 மணி நேரமும், தமிழிலும்), போதை மீட்புக்கு 14446. இரண்டுமே இலவசம்.